மறு: முதியோர் மண்டபம் – அந்தக் காசை முதலில் வீட்டு வாசலுக்கு அனுப்புவோம்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

வெளிநாட்டிலிருக்கிற நாங்கள் காசு சேர்த்து, இலங்கையிலுள்ள எங்கள் ஊரில் 50 இலட்சம் ரூபாவில் முதியோர் மண்டபம் கட்டலாம் என்று வந்த கடிதங்களுக்கு ஒரு மாற்று யோசனை: வீட்டுக்குள் வதைபடுகிற முதியவர்களைப் போய்ப் பார்த்துவர ஆள் வைப்போம். மண்டபத்துக்கு நடந்து வரக்கூடியவர் ஏற்கெனவே ஓரளவு நல்லாயிருக்கிறவர். சாப்பாடு குறைத்துக் கொடுக்கப்படுகிற ஆச்சியும், காணிக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டு வீட்டோரச் சாய்ப்பான பத்திக்குள் படுக்கவிடப்பட்ட அப்புவும் அங்கே வரப்போவதில்லை. அவர்களிடம் ஒரு ஆள் போகவேண்டும், திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 40 முதியவர்கள் என்று வைப்போம். வீடு வீடாய்ப் போய்ப் பார்த்துவர இரண்டு பெண்கள், ஆளுக்கு 20 வீடு, மாதம் இரண்டு தரம். ஒரு தரத்துக்கு 350 ரூபா என்றால் இருவருக்கும் 28,000. போன் ரீலோட் 1,000. கிளினிக்குக்கு ஓட்டோக் கூலி 15,000. படுக்கையில் கிடப்பவர் உள்ள 6 வீடுகளுக்குக் பராமரிப்பவர் ஓய்வெடுக்க, கிழமைக்கு ஒன்றாக மாதம் நாலு அரைநாள் மாற்று ஆள், ஒரு அரைநாளுக்கு 1,500 வீதம், 36,000. கூட்டினால் மாதம் 80,000, வருடம் 9,60,000. அவசரத்துக்கு ஒருமுறை 50,000 ஒதுக்கி, செலவழியச் செலவழிய நிரப்பலாம். மாசக் காசு தருகிறவர்கள் 50 பேர் இருந்தால் ஆளுக்கு 1,600 ரூபா.

மாற்று ஆளுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் நடக்கிற எல்லாம் பேராசையால் நடப்பதில்லை. இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பித் திருப்பிப் படுக்கவைத்து, விடியப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, பிறகு கூலி வேலைக்கும் போகிற மருமகள் ஒருநாள் கையை ஓங்குவாள். மறதி நோய்க்காரர் "என்ரை காசைக் களவெடுத்திட்டாள்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் இன்னும் கெதியில் ஓங்குவாள். அவளுக்குக் கிடைக்கிற அந்த அரைநாள் நூறு விழிப்புணர்வுக் கூட்டத்தைவிடப் பெறுமதி.

போய்வருகிற பெண்கள் பக்கத்து ஊர்க்காரராக இருக்கட்டும். எங்கள் ஊருக்குள் யாரை எடுத்தாலும் ஒரு வீட்டுக்காவது சொந்தமாயிருப்பார், அந்த வீட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் வெளியே வராது. கையில் ஒரு பிரஷர் மெசின் கொடுங்கள், மேற்கையில் கட்டுகிற வகை. "பிரஷர் பார்க்க வந்தனான்" என்றால் எந்தப் படலையும் திறக்கும். பார்க்க முன் ஐந்து நிமிசம் சத்தமில்லாமல் இருக்கவேண்டும் என்பது மருத்துவ விதி. அதைச் சொல்லியே மற்றவர்களை வெளியே அனுப்பலாம், ஆச்சியோடு தனியே இரண்டு வார்த்தை கதைக்க அந்த நேரம் போதும்.

பிறகு கிளினிக் கொப்பியில் கடைசித் திகதி. இரண்டு மாதம் தாண்டியிருந்தால் யாரும் கூட்டிப்போகவில்லை. மருந்துப் பக்கற்றையும் எண்ணவேண்டும்: 28 நாளுக்கு, ஒரு நாளைக்கு இரண்டு வீதம், 56 குளிசை, பதினாலாம் நாள் முடிவில் 28 மிஞ்சவேண்டும். 50 இருந்தால் கொடுப்பாரில்லை. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, கண்ணாடியும் ஊன்றுகோலும் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, இடுப்புக்குக் கீழே புண் இருக்கிறதா. உதவித்தொகை யாருடைய கணக்குக்குப் போகிறது, வங்கி அட்டை யாரிடம் என்பதையும் மெல்லக் கேட்கவேண்டும். நுண்கடன், லீசிங் தவணை உள்ள வீடுகளில் முதலில் கரைவது கிழவியின் காசுதான்.

இப்படி ஒரு கொடுமை தெரியவந்தால் நேரே பொலிசுக்கு ஓடுவதுதான் வழமையான பிழை. மகனைக் கொண்டுபோனால் அன்றிரவு கஞ்சி கொடுக்க ஆளில்லை, அடுத்தநாள் ஆச்சியே போய் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவார், பிறகு வாயே திறக்கமாட்டார். உயிராபத்து, காயம் என்றால் மட்டும் உடனே 119, அல்லது 1990 அம்புலன்ஸ். மற்றப்படி பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போகவேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பராமரிப்புச் சபையிடம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்கலாம். அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை தரும். இவற்றுக்கெல்லாம் அலைய ஓட்டோக் காசு வேண்டும், அவசர நிதி அதற்குத்தான்.

காணி விஷயத்தில் வந்தபின் அழுவதைவிட முன்னே நிற்பது மலிவு. வன்னியில் முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடுப் பக்கக் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் பொமிற் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் அவற்றை நொத்தாரிசு உறுதியில் எழுதிக்கொடுக்க முடியாது, அதனால்தான் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்குகிறார்கள். பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணி பெறுபவராக, யார் பதியப்பட்டிருக்கிறார் என்பதைக் காணிக் கிளையில் முதியவரே கேட்டு அறியட்டும். சொந்த உறுதியுள்ள காணியைப் பிள்ளைக்கு எழுதுவதானால் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, தன் பேரில் வைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தபின் பெரும் நன்றிகேட்டைக் காட்டி உறுதியை மீட்க 2017இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது மாவட்ட நீதிமன்ற வழக்கு, 80 வயதில் தவணைக்குத் தவணை யார் அலைவது?

காசு போகிற வழி: ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பேரில் தனிக் கணக்கு, மூவரில் இருவர் கையெழுத்து, மூவரும் வேறு வேறு குடும்பம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,40,000. வீட்டு வருகைக் கொப்பியின் படம் வந்தபின்தான் அடுத்தது. போகாமலே கொப்பி எழுதுவது நிச்சயம் நடக்கும், ஆகவே மாதம் நாலு வீட்டுக்கு இங்கிருந்து யாராவது போன் எடுத்து விசாரியுங்கள். சாமான் பொதி கொடுக்கிற படம், முகநூல் பதிவு எதுவும் வேண்டாம். படம் வந்த அன்றிரவே "எங்களை ஊருக்குள் கேவலப்படுத்திப்போட்டாய்" என்று அந்தக் கிழவிக்குத்தான் விழும்.

கசப்பான இன்னொன்று. நாங்கள் அனுப்பும் காசே பல வீடுகளில் சண்டைக்குக் காரணம். ரொறன்ரோவிலிருந்து மகன் அம்மாவுக்கென்று அனுப்புவது உறவு முறையில் மகனான பெறாமகனின் கணக்குக்குப் போகிறது. எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரியாது. வட்ஸ்அப்பில் முகம் காட்டி "சுகமாயிருக்கிறன் ராசா" என்கிறார். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் படத்தில் தெரிவதில்லை. மாதத்தில் ஒருநாளாவது போய்வருகிற பெண்ணின் போனில், முற்றத்து வேம்பின் கீழ் அவர் தனியே பேசட்டும். காசை அவர் பேரிலுள்ள கணக்குக்குப் போட்டு, தொகையை அவர் காதில் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு விபரம் எழுதுங்கள்: தாய் தகப்பன் பேரில் வங்கிக் கணக்கு உண்டா, அதன் புத்தகம் யார் கையில்.