ஆல்ஃபா டாக்சின் போட்டும் ரத்த அணு உடையவில்லை, உதவுங்கள்

யெலஹங்கா மாணவி:
வணக்கம். பெங்களூரில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி, கடைசி செமஸ்டர். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் ஆல்ஃபா டாக்சின் என்ற நச்சை வைத்து ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைவது) பார்க்கிறேன். ரத்த வங்கியில் தேதி முடிந்த பையிலிருந்து சிவப்பணு எடுத்து, நன்றாகக் கழுவி, டாக்சின் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். ஒப்பிட வைத்த, எல்லா அணுவையும் உடைக்கும் சோப்பு போன்ற ட்ரைட்டான் போட்ட குழாய் முழுக்கச் சிவந்துவிட்டது. டாக்சின் குழாயில் மேலே தெளிந்த நீர், அடியில் சிவப்புப் பொட்டு. மூன்று தடவையும் இப்படித்தான். டாக்சின் கெட்டுவிட்டதா? திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும், பயமாக இருக்கிறது.

மடிவாளா அண்ணன்:
பயப்படாதேம்மா, டாக்சினைத் தூக்கிப் போட்டுவிடாதே. மனிதச் சிவப்பணு இதற்கு லேசில் மசியாது. முயல் அணுவுக்குப் போதுமான அளவைப்போல நூறு மடங்குக்கு மேல் தேவைப்படும். டாக்சின் பற்றிக்கொள்ளும் ஏடாம்10 என்ற புரதம் முயல் அணுவில் இருக்கிறது. பற்றியதும் ஏழு மூலக்கூறுகள் வளையமாகக் கூடி, சவ்வுக்குள் ஒரு குழாயை இறக்கும். அதன் மிகக் குறுகிய இடம் 1.4 நானோமீட்டர்தான். ஹீமோகுளோபின் அதில் நுழையவே முடியாது! பொட்டாசியம் வெளியேறும், சோடியமும் தண்ணீரும் உள்ளே வரும், அணு உப்பி வெடிக்கும். நீ பார்க்கும் சிவப்பு அந்த வெடிப்புக்குப் பிறகு வருவது. முயல் ரத்தத்தில் செய்து பார். இன்னொரு குழாயில் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் சேர். துளையில் நுழையாத அளவு பெரியதாக எடுத்தால் தண்ணீர் உள்ளே பாய்வது குறையும், அணு தாக்குப்பிடிக்கும்.

யெலஹங்கா மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா. இரண்டு துண்டாக இருக்கும் பைனரி டாக்சினும் இப்படித் துளை போட்டுத்தான் கொல்கிறதா?

ஹெப்பால் அக்கா:
துளை உண்டு, ஆனால் வேலை வேறு. குடல் நோய் தரும் டிஃபிசில் கிருமியின் பைனரி டாக்சினான சிடிடியை எடுத்துக்கொள். அதன் இரண்டு துண்டு சிடிடிஏ, சிடிடிபி. சிடிடிபி செல்லின் மேல் ஒட்டி, சிடிடிஏவைப் பிடித்துக்கொள்ளும். செல் இரண்டையும் எண்டோசோம் என்ற சிறு பைக்குள் விழுங்கும். அங்கே அமிலம் ஏறியதும் சிடிடிபி துளை திறக்கும், அதன் வழியே சிடிடிஏ சைட்டோசாலுக்கு (செல்லின் உள்திரவத்துக்கு)ப் போய், செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் புரதத்தின்மேல் ஏடிபி-ரைபோஸை (ADP-ribose) ஒட்டிவிடும். அப்புறம் ஆக்டின் இழை கட்டாது, செல் உருண்டை ஆகிவிடும். பாஃபிலோமைசின் போட்டு அமிலத்தைத் தடுத்தால் செல் பிழைக்கும். ஒன்று கவனி: ஸ்டெஃபைலோகாக்கஸின் இன்னொரு டாக்சினான பிவிஎல்லும் இரண்டு துண்டுதான், ஆனால் அதில் என்சைம் கிடையாது. இரண்டும் சேர்ந்தே ஒரு துளை ஆகின்றன. வைவாவில் இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

யெலஹங்கா மாணவி:
அனிமல் ஹவுஸில் முயல் ரத்தம் கிடைத்தது. அதே டாக்சின்தான். மேல்நீர் செம்பருத்திப் பூ கொதித்த தண்ணீர் போல ஆகிவிட்டது! டெக்ஸ்ட்ரான் குழாயில் பொட்டு அப்படியே இருக்கிறது.