நான்காம் வகுப்பில் கோடிங்: பல்லாங்குழி போதுமா, கணினி வேண்டுமா?

உசிலை டீச்சர் எழுதியது:

உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஈராசிரியர் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளை எடுக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள். ஜூலையிலிருந்து வாரத்துக்கு ஒரு பாடவேளை கோடிங், அதாவது கணினிக்குப் படிப்படியான கட்டளை (நிரல்) எழுதுவதைச் சொல்லிக்கொடுக்கிறேன், கணினி இல்லாமல். பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு முற்றிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

வகுப்பில் நடப்பது இதுதான். பிள்ளைகள் இருவர் இருவராகப் பல்லாங்குழிப் பலகை முன் உட்காருவார்கள். ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர் ஆடக் கூடாது, ஆடும் முறையை எழுத வேண்டும். மற்றவர் ஆட வேண்டும். ஆனால் தாளில் உள்ளதை மட்டும்தான் செய்யலாம்.

போன வாரம் ஒரு சிறுமி எழுதினாள்: "1. ஒரு குழியில் உள்ள முத்தை எல்லாம் எடு. 2. அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போடு. 3. கை காலியானதும் அடுத்த குழியில் உள்ளதை எடு. 4. மறுபடியும் 2." எதிரே இருந்த பையன் அப்படியே செய்துகொண்டு போனான். மூன்றாவது சுற்றில் கையும் காலி, அடுத்த குழியும் காலி. அவன் கை குழிக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"எடு என்று எழுதியிருக்கிறாய், எடுக்க ஒன்றுமே இல்லையே?"

"குழியைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்ததை எடுக்க வேண்டும். இதுகூடத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீ எழுதவில்லை."

அவள் தாளைப் பிடுங்கி, மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் பொடி எழுத்தில் நுழைத்து எழுதினாள்: "குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்த குழியில் உள்ளதை எடுத்து வைத்துக்கொள். உன் முறை முடிந்தது."

அந்த ஒரு வரியைத்தான் நான் கோடிங் என்கிறேன். இதை இந்த வயதில் சொல்லிக்கொடுப்பது சரியா, தவறா?

பழைய வாத்தியார், திருமங்கலம்:

டீச்சரம்மா, முப்பத்து மூன்று ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் நின்றவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பத்தொன்பது பேரில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறாமல் வாசிப்பார்கள்? எத்தனை பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரும்? கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகள் எழுத்தையே மறந்தார்கள். அதைச் சரிசெய்ய அரசே 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 1 முதல் 3ஆம் வகுப்பு வரை கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தை இன்னும் நிரப்பி முடிக்கவில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020இல் எனக்கு ஆயிரம் மாறுபாடு உண்டு. அதுகூட நடுநிலை வகுப்பில், அதாவது ஆறாம் வகுப்பிலிருந்துதான் கோடிங் என்கிறது. நீங்கள் நான்காம் வகுப்பிலேயே தொடங்குகிறீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளை என்றால், அது வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்த பாடவேளை.

மல்லித்தோட்டம்:

எனக்கு வேறு வருத்தம். எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். விடியும் முன்னே மொட்டெடுத்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் பஸ்ஸில் ஏற்றியாக வேண்டும். என் மகளும் எடுப்பாள், பிறகு குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அவள் இதே வேலைக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் படிக்க வைக்கிறேன்.

என் தங்கை மகன் நகரத்தில் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. அவன் கணினித் திரையில் பூனையை நடக்க விடுகிறான், பேச விடுகிறான். என் மகள் பள்ளியில் கோடிங் என்று சொல்லிப் புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பல்லாங்குழியை அவளுடைய அப்பத்தாவே சொல்லிக்கொடுத்துவிட்டார். இல்லாதவன் பிள்ளைக்கு இதுபோதும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்களா? டீச்சரைக் குறை சொல்லவில்லை, அவர் நல்லவர். ஆனால் இதைக் கோடிங் என்று சொல்லாதீர்கள்.

நாகமலை:

பதினோரு ஆண்டுகளாக மென்பொருள் வேலை செய்கிறேன், இப்போது வடபழஞ்சி எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகத்தில். மல்லித்தோட்டம் அண்ணன் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பூனையால் உங்கள் தங்கை மகனுக்கு வேலை கிடைத்துவிடாது அண்ணே.

2020 ஊரடங்கில் வந்த விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதில் கோடிங் கற்காவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று பெற்றோரை மிரட்டினார்கள். என் அண்ணனும் பயந்து கடன் வாங்கிப் பணம் கட்டினார். பிள்ளை திரையில் கட்டளைக் கட்டங்களை இழுத்து ஒட்டியதோடு சரி, நான்கு மாதத்தில் நிறுத்திவிட்டான். இன்று சாதாரண நிரல் எதையும் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. பத்து ஆண்டுகளில் எந்த மொழி நிற்கும் என்று எனக்கே தெரியாது. ஆகவே சின்ன வகுப்பில் இது எந்த வடிவத்திலும் வேண்டாம், கணினியிலும் வேண்டாம், பலகையிலும் வேண்டாம். கணக்கை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் மற்றதை நாங்கள் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுவோம்.

மேலூர் கணினி:

மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநராக இருக்கிறேன். "ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுவோம்" என்கிற நாகமலைத் தம்பி, எங்களிடம் வந்துசேரும் பிள்ளைகளை ஒரு நாள் பார்க்க வேண்டும்.

2019இல் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி வந்தது. நல்ல மாற்றம். ஆனால் பிள்ளைகள் அதைச் செய்யுள்போல மனப்பாடம் செய்கிறார்கள். போன ஆண்டு ஒரு மாணவி, நன்றாகப் படிப்பவள், எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்(1, 10) என்ற கட்டளையை எழுதி, விடையாக 1 முதல் 9 வரை சரியாக எழுதியிருந்தாள். "ஏன் 10 வரவில்லை?" என்று கேட்டேன். "புத்தகத்தில் 9 வரைதான் போட்டிருக்கிறது சார்" என்றாள். எல்லை எண்ணைத் தொடாமல் நின்றுவிடும் என்பது விதி. அந்த விதியை அவள் ஒருமுறைகூடக் கையால் நடந்து பார்த்ததில்லை. பைத்தானில் வரியைத் தள்ளி எழுதும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. எந்த வரி எந்தச் சுற்றுக்குள் (திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிக்குள்) அடங்கும் என்பதை அந்த இடைவெளிதான் சொல்கிறது. விடைத்தாளில் பாதிப் பேர் அதை அழகுக்காக விட்ட இடம் என்று நினைக்கிறார்கள்.

இவர்களுக்குப் பதினாறு வயது. சுற்று என்றால் என்ன, நிபந்தனை என்றால் என்ன என்பதை முதல்முறை கேட்பதே அந்த வயதில்தான். கூடவே ஆங்கிலம், பொதுத்தேர்வுப் பயம். டீச்சர் சொன்ன அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயதில் சுற்றும் வந்துவிட்டது, நிபந்தனையும் வந்துவிட்டது, விடுபட்டதைக் கண்டுபிடித்துத் திருத்தவும் தெரிந்துவிட்டது. அவளை என் வகுப்புக்கு அனுப்புங்கள்.

மல்லித்தோட்டம் ஐயாவுக்கு ஒன்று. கணினியைத் தொடாமல் கணினி அறிவியலைத் தொடங்குவது இல்லாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அன்று. நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்து டிம் பெல்லும் அவருடன் சேர்ந்தவர்களும் இதற்கென்றே பாடங்கள் உருவாக்கினார்கள். 1, 2, 4, 8, 16 புள்ளிகள் போட்ட ஐந்து அட்டைகளைப் பிள்ளைகள் வரிசையாகப் பிடித்து நிற்பார்கள். திருப்பினால் 0, காட்டினால் 1. இப்படி இரும எண்ணைக் கற்றுக்கொள்கிறார்கள். வசதியான நாடுகளிலும் இந்தப் பாடங்கள் நடக்கின்றன.

நம்மிடமும் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே புள்ளிக் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவை எந்த விதிகளால் விரிகின்றன என்பதைக் கணினி அறிவியல் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். நம் வீட்டு வாசலில் இருப்பது ஆராய்ச்சி இதழ்களில் ஏறிய பொருள்.

பழைய வாத்தியார், திருமங்கலம்:

மேலூர் தம்பி நன்றாகவே சொல்கிறார். நான் அந்தச் சிறுமியின் வரியை மறுபடி படித்தேன். "குழி காலியாக இருந்தால், துடைத்துவிட்டு, எடுத்து வைத்துக்கொள்." எச்சமும் முற்றும் பிசகாமல் நிற்கின்றன. இதைவிட நல்ல கட்டுரைப் பயிற்சி நான் கொடுத்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் இதைத் தமிழ் பாடவேளையிலேயே நடத்துங்கள் என்பதுதான் என் கட்சி. தனியாக ஒரு பாடவேளையும் தனியாக ஒரு பெயரும் எதற்கு? இன்னொரு கேள்வி, இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்: எழுதத் தெரிந்த பிள்ளை எழுதினாள். வாசிக்கத் தெரியாத பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்தது?

உசிலை டீச்சர்:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வி என்னை இரவெல்லாம் உறுத்தியது. உள்ளதைச் சொல்கிறேன். நான்கு பேருக்கு இன்னும் கூட்டி வாசிக்கத்தான் வருகிறது. முதல் இரண்டு வாரம் அவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என் பிழை. பிறகு அவர்களைச் செய்பவர்களாக மாற்றினேன். தாளில் உள்ளதை வாசித்தால்தான் முத்தை எடுக்க முடியும். பக்கத்துப் பிள்ளை வாசித்துக்காட்டக் கூடாது. 'போடு', 'எடு', 'அடுத்த', 'காலி' என்ற இந்த நான்கு சொற்களை அவர்கள் இப்போது எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறார்கள். நான்கே சொற்கள்தான், பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் கதைப் புத்தகத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பும் பையன் இந்தத் தாளைக் கேட்டு வாங்கி வாசிக்கிறான், ஏனென்றால் அடுத்த முத்து எங்கே என்பது அதில்தான் இருக்கிறது.

தமிழ் பாடவேளைக்குள் கொண்டுவரச் சொன்னீர்கள். செய்கிறேன். இந்த வாரம் முதல் தனிப் பாடவேளை இல்லை. ஆனால் கோடிங் என்ற பெயரை விடமாட்டேன் ஐயா. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும்போது நகரத்துப் பிள்ளைகள் முன்னால் அந்தச் சொல்லைக் கேட்டு இவர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது. "அது எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டும்.

மல்லித்தோட்டம்:

மேலூர் சார் சொன்னதை வைத்து என் மகளிடம் கேட்டேன். பூக்கட்டுவதை எழுதச் சொன்னேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றி இறுக்கு, மறுபடி முதலிலிருந்து, முழம் வரும்வரை, என்று எழுதினாள். நன்றாகத்தான் இருந்தது. காம்பு ஒடிந்த மொட்டு வந்தால் என்ன செய்வது என்பதையும் அவளே சேர்த்தாள்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளை அட்டையைப் பிடித்துவிட்டு, மறுநாள் கணினி முன்னால் உட்காரும். என் மகள் பலகையை வைத்துவிட்டு எதன் முன்னால் உட்காருவாள்? அடுத்த படி இல்லாத ஏணியை எங்களுக்குத் தராதீர்கள்.

நாகமலை:

அண்ணன் கேட்டது நியாயம். நான் முதலில் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். நிரல் எழுதுவதைச் செயற்கை நுண்ணறிவு செய்யட்டும் என்றேன். ஆனால் என்ன வேண்டும் என்று விட்டுப்போகாமல் சொல்லத் தெரியாதவர்கள்தான் என் குழுவிலும் அதனிடம் தோற்கிறார்கள். 'நீ எழுதவில்லை' என்று அந்தப் பையன் சொன்னதை நான் வாரம் தவறாமல் அலுவலகத்தில் சொல்கிறேன். வேலைவாய்ப்பு ஆசை காட்டிச் சின்னப் பிள்ளைகளுக்குக் கோடிங் விற்பதை மட்டும் இன்னமும் எதிர்க்கிறேன்.

டீச்சர், 'எழில்' என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழி இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கியது, இலவசம், திறமூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). அச்சிட 'பதிப்பி' என்று எழுத வேண்டும். நிபந்தனையை முதலில் எழுதி அதன் பின்னால் 'ஆனால்' போட வேண்டும். அதாவது அந்தச் சிறுமியின் வரி ஏறக்குறைய அதே வரிசையில் உட்கார்ந்துவிடும்:

@( குழி == 0 ) ஆனால்
பதிப்பி "துடைத்துவிட்டு அடுத்ததை எடு"
முடி

என்னிடம் பழைய மடிக்கணினி இரண்டு சும்மா கிடக்கின்றன. சனிக்கிழமை வந்து நிறுவித் தரட்டுமா?

பழைய வாத்தியார், திருமங்கலம்:

வாசிப்புத் திணறும் நான்கு பேரையும் முதலில் உட்கார வையுங்கள். கடைசியில் அன்று.

உசிலை டீச்சர்:

சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டு மடிக்கணினிகள் வந்தன. ஐயா சொன்னபடி அந்த நால்வரையே முதலில் உட்கார வைத்தேன். தமிழ்99 விசைப்பலகையில் 'ப' எங்கே என்று தேடவே நெடுநேரம் ஆனது. 'பதிப்பி'யில் ஒற்று விட்டுப்போய்ப் 'பதிபி' என்று ஒருவன் அடித்தான், கணினி ஏற்கவில்லை. மூன்று முறை பார்த்தும் அவனுக்குத் தெரியவில்லை. பிறகு எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்தான். "ப், புள்ளி வைத்த ப் இல்லை" என்று அவனே சொன்னான். இந்த ஆண்டு முழுக்க அவன் நோட்டில் அந்தப் புள்ளியை நான் சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மல்லித்தோட்டத்தாரும் வந்திருந்தார். மகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கட்டும் முறையை அவள் அடிக்க முயன்றாள், நேரம் போதவில்லை.

மல்லித்தோட்டம்:

மேற்கோள் குறியை மூடாமல் விட்டுவிட்டாள், அதில்தான் நேரம் போனது. மடிக்கணினியைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள அலமாரிக்குப் பூட்டு வேண்டும் என்றார் டீச்சர். திங்கட்கிழமை பூ போட்டுவிட்டுத் திரும்பும்போது வாங்கி வருகிறேன்.