வாங்கிய ரேஞ்ச் டிரெஸ்ஸிங்கை எப்படிக் காலி செய்வது? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். இங்கே அமெரிக்காவில் பிள்ளைகள் கேரட்டிலிருந்து பீட்சா ஓரம் வரை எல்லாவற்றையும் ரேஞ்ச் டிரெஸ்ஸிங்கில்தான் (ranch, மோர், மயோனைஸ், பூண்டு சேர்த்த வெள்ளைச் சாஸ்) தொட்டுச் சாப்பிடுகிறார்கள், நானும் மகனுக்காக இரண்டு பெரிய பாட்டில் வாங்கிவிட்டேன். அப்புறம்தான் லேபிளைப் படித்தேன். 2 மேசைக்கரண்டிக்குச் சுமார் 130 கலோரி, 13 கிராம் கொழுப்பு, சோடியம் வேறு 260 மில்லிகிராம்! அவன் இரண்டு கரண்டியோடு எங்கே நிறுத்துகிறான்? மோர் சேர்த்தது என்பதால் நம்ம மோர் மாதிரி லேசாக இருக்கும் என்று நினைத்தது என் தப்பு, பட்டியலில் முதலில் நிற்பதே எண்ணெய்தான்.

பாதிக்குப் பாதி கெட்டித் தயிர் கலந்து பார்த்தேன், பரவாயில்லை, ஆனால் பூண்டு, வெங்காய வாசனை குறைந்துவிட்டது. கூட எதைச் சேர்க்கலாம், வெந்தயக்கீரை போதுமா, இல்லை டில் (சதகுப்பை) இலைதான் வேண்டுமா? கோழியை இதில் ஊறவைத்து ஓவனில் சுட்டவர்கள் இருக்கிறீர்களா, தனியாக உப்பு போட வேண்டுமா? நேற்று சூடான உருளைக்கிழங்கு மசியலோடு அடுப்பிலேயே வைத்துக் கிளறினேன், எண்ணெய் பிரிந்து நின்றது. இறக்கிய பிறகு சேர்த்தால் சரியாக வருமா? வீட்டிலேயே மோர், மயோனைஸ் வைத்துச் செய்பவர்கள் அளவைச் சொல்லுங்கள்.