குராய்டனில் முதல் கிறிஸ்துமஸ், யாராவது உதவுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலிலிருந்து இந்த வருடம்தான் நர்ஸ் வேலைக்கு லண்டன் வந்தேன், குராய்டனில் தங்கியிருக்கிறேன். அறைத்தோழி ஊருக்குப் போகிறாள், எனக்கு டிசம்பர் 25 லீவு, அதனால் அன்று தனியாகத்தான் இருப்பேன் போலிருக்கிறது.

அன்றைக்கு லண்டனில் பாதாள ரயில், சிவப்புப் பஸ் எதுவுமே ஓடாது என்று வார்டில் சொன்னபோது முதலில் நம்பவே முடியவில்லை, நம் ஊரில் அதிகாலை நாலு மணி ஆராதனைக்கே ஆட்டோ கிடைக்குமே! 280 சதுர மீட்டருக்கு மேல் உள்ள கடைகளையும் அன்று திறக்கக் கூடாது என்று 2004-லிருந்து சட்டமே இருக்கிறதாம், அதனால் அரிசி, கறி எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைக்கப் போகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஈஸ்ட் குராய்டன் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் 25 காலையில் தமிழ் ஆராதனை எங்காவது நடக்கிறதா? இல்லையென்றால் வேறு இடத்தில் நடக்கிற தமிழ் ஆராதனைக்குக் காரில் போகிறவர்கள் யாராவது என்னையும் ஏற்றிக்கொள்ள முடியுமா? பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொள்கிறேன். அப்புறம், முந்திரிக்கொத்து விற்கிற கடை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அது இல்லாமல் எனக்குக் கிறிஸ்துமஸ் இல்லை.

என்னை மாதிரித் தனியாக இருப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் மதியம் என் அறைக்கே சாப்பிட வாருங்கள், மட்டன் குழம்பு வைக்கிறேன்.