முதலைக் குஞ்சை ஆற்றில் விட்டால் மட்டும் போதுமா?

திற்பரப்பு டீச்சர்:
உயிரியல் பூங்காவில் முட்டை பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டால் அழியும் இனம் பிழைக்கும் என்று வகுப்பில் சொன்னேன். ரப்பர் பால் வெட்டுகிற வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "ஆத்துல துணி துவைக்கிற எங்க அம்மாட்ட யாரும் கேக்க மாட்டாங்களா டீச்சர்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. பூங்காவும் கரையோர மக்களும் சேர்ந்தே காப்பாற்றிய இடம் எங்காவது உண்டா?

குளச்சல் கப்பல்காரன்:
உண்டு டீச்சர். கப்பலில் என்னோடு வேலை பார்த்தவர் பிலிப்பைன்ஸில் இசபெலா மாகாணத்துக்காரர், அவர் சொல்லித்தான் தேடிப் படித்தேன். பிலிப்பைன்ஸ் முதலை நன்னீரில் வாழும் சிறிய இனம், பத்தடியைத் தாண்டுவது அரிது. ஊழல்வாதியை அங்கே 'புவாயா', அதாவது முதலை என்றுதான் திட்டுவார்கள், அவ்வளவு வெறுப்பு. 1999இல் அந்த மாகாணத்தின் சான் மரியானோ ஊரில் ஒரு மீனவரிடம் குஞ்சு ஒன்று சிக்கிய பிறகுதான் அந்தப் பக்கம் இன்னும் மிச்சம் இருப்பதே வெளியில் தெரிந்தது. 2001இல் உள்ளூர் நிர்வாகமே டிசுலாப் ஆற்றில் சரணாலயம் அறிவித்தது, 2003இல் இந்த முதலையைக் காப்பதற்கென்றே மபுவாயா என்ற அமைப்பு வந்தது. காவலுக்கு நிற்பது அந்த ஊர்க்காரர்கள்தான். முதல் வருடத்திலேயே பெரும்பாலான குஞ்சுகள் செத்துவிடும் என்பதால் எடுத்து வளர்த்து, ஒரு வயது தாண்டியதும் அதே பகுதியில் விடுகிறார்கள். ஐரோப்பியப் பூங்காக்கள் இதற்குப் பணம் தருகின்றன. ஜெர்மனியின் கொலோன் பூங்காவில் 2013இல் இந்த இனம் குஞ்சும் பொரித்தது.

நெய்யாற்று மருமகள்:
மாமியார் வீடு நெய்யாறு அணைப் பக்கம். அங்கே முன்பு வளர்த்து விட்ட சீங்கண்ணி முதலைகள் ஆட்களைக் கடித்து, அப்புறம் பலவற்றைத் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது. மாமியார் இன்றும் குடத்தைக் கரையில் வைத்து, தண்ணீரில் இரண்டு கல் எறிந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அந்தப் பையன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி.

குழித்துறை வாசி:
வடக்கே கரியால் என்கிற நீள மூக்கு முதலையின் கதையையும் சொல்லுங்கள். அது மீன் தின்னி, ஆளைத் தேடி வராது. ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவுக்கு ஆண் கரியால் பிராங்க்பர்ட் பூங்காவிலிருந்து வந்தது, 1980இல் அங்கே குஞ்சுகள் பொரிந்தன. ஆயிரக்கணக்கில் வளர்த்து ஆறுகளில் விட்டார்கள். ஆனால் அது முட்டையிடுவது மணல் திட்டில், மணலை அள்ளிக்கொண்டு போனால் எங்கே இடும்? நம் ஆற்று மணல் போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தங்கூசி (நைலான் இழை) வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். வலை போடுகிறவரையும் மணல் அள்ளுகிறவரையும் விட்டுவிட்டுப் பூங்கா மட்டும் என்ன செய்ய முடியும்?

திற்பரப்பு டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை வகுப்புக்கு அந்தப் பையனின் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். கல் எறிந்து பார்க்கும் விஷயத்தை முதலில் அவரிடம்தான் கேட்கப் போகிறேன்.