காலேஜ் பசங்க போட்ட அரசியல் நையாண்டி ஷோ எல்பி (பெரிய இசைத்தட்டு) யாராவது சேர்க்கறீங்களா? ரெண்டு தட்டு கிடைச்சிருக்கு

தகரடப்பா:

வணக்கம் மக்களே, நான் மிசிசாகால இருக்கேன், வழக்கமா ராஜா எல்பி, பழைய எச்எம்வி தட்டுன்னு தான் தேடுவேன், இந்தப் பக்கம் அதெல்லாம் கண்ல பட்டாலே யானை விலை சொல்றாங்க. பஃபலோ போயிருந்தப்ப ஒரு சர்ச் சேல்ல பெட்டி நிறைய நாடகத் தட்டு, எதை எடுத்தாலும் ஒரு டாலர்னு போட்டிருந்தான், சும்மா இருக்க முடியாம ரெண்டு எடுத்துட்டு வந்துட்டேன்.

முதல் தட்டு 'மை ஃபர் லேடி'. மொன்றியல் மெக்கில் யூனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸ் 1957ல போட்ட ஷோன்னு தேடிப் பாத்து தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டாவது தான் மர்மம். வெறும் வெள்ளை அட்டை, அமெரிக்கால ஏதோ லா காலேஜ் பசங்க போட்ட ஷோன்னு மட்டும் லேபிள்ல இருக்கு, வருஷம் இல்ல, பாடினவன் பேர் இல்ல, கம்பெனி பேர் இல்ல. பியானோ ஒண்ணு, டிரம்ஸ் ஒண்ணு, அவ்வளவு தான் வாத்தியம், ஹால்ல வெச்சே ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க, யாரோ இருமறது கூட கேக்குது. சைட் டூல ஒரு பாட்டு முழுக்க கோட்டு கோட்டுன்னே பாடறான், யாரு வாங்கிக் குடுத்த கோட்டு, எதுக்கு வாங்கிக் குடுத்தான்னு. ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் உருண்டு பிரளுது, எனக்கு ஒரு மண்ணும் புரியல.

இதெல்லாம் அபூர்வமா, விலை போகுமா, வருஷம் எப்படி கண்டுபிடிக்கறது, இந்த மாதிரி தட்டே தனியா சேர்க்கறவங்க இருக்காங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கறார்_கணேசு:

அபூர்வம்ங்கறது வேற விலைங்கறது வேற பாஸ், மொதல்ல அதைப் பிரிச்சுக்கோங்க. உங்க வெள்ளை அட்டை தட்டு எரநூறு முன்னூறு தான் அடிச்சிருப்பாங்க, நடிச்சவன், அவன் அம்மா, பாக்க வந்தவங்க, அவ்வளவு பேருக்குத் தான் அது. ஆனா வாங்கறதுக்கு ஆள் வேணுமே. நாலு பேர் தேடற தட்டு உலகத்துல பத்து இருந்தா விலை ஏறாது.

இதுக்கு நேர் எதிர் கேஸ் ஒண்ணு இருக்கு. ஜனாதிபதி கென்னடி குரல்ல வான் மீடர்ங்கற மிமிக்ரிக்காரர் பேசின 'தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி', 1962 நவம்பர்ல வந்தது, 70 லட்சத்துக்கு மேல வித்துச்சு, ஆல்பம் ஆஃப் த இயர் கிராமியும் வாங்குச்சு. அடுத்த வருஷம் நவம்பர் 22 கென்னடியைச் சுட்டாங்க, கடைல இருந்த தட்டையெல்லாம் கம்பெனியே திரும்ப எடுத்துக்குச்சு, அந்த மனுஷன் பொழப்பும் அன்னிக்கே முடிஞ்சுது. இன்னிக்கு அந்தத் தட்டு வட அமெரிக்கால எந்தப் பழைய சாமான் கடைக்குப் போனாலும் காலடில கிடக்கும். அரசியல் நையாண்டி எல்பின்னு ஈபேல 'ரேர்'னு போட்டு இதைத் தான் பாதிப் பேர் விப்பான், ஏமாந்துடாதீங்க.

கோட்டு பாட்டு பின்னாடி ஜனாதிபதியான நிக்ஸனைப் பத்தி இருக்கும். 1952 செப்டம்பர்ல டிவில வந்து கண்ணீர் விடாத குறையா பேசினாரே, என் பொண்டாட்டிகிட்ட மிங்க்னு விலை கூடின ரோமக் கோட்டு இல்ல, சாதாரண துணிக் கோட்டு தான்னு. அந்த ஸ்பீச்சைத் தான் ஓட்டியிருப்பாங்க.

---

மைலாப்பூர்_மோனோ:

தகரடப்பா சார், வருஷம் கண்டுபிடிக்க லேபிளைப் பாக்காதீங்க, தட்டைப் பாருங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி வழவழன்னு ஒரு வட்டம் இருக்குமில்ல, அதை விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் புடிச்சா எழுத்தும் நம்பரும் பொறிச்சிருக்கும். இந்த மாதிரி சொந்தக் காசு போட்டு அடிச்ச தட்டெல்லாம் தனியா ஃபேக்டரி வெச்சு அடிச்சது இல்ல. டேப்பையும் பணத்தையும் குடுத்தா ஆர்சிஏ விக்டர், கொலம்பியா மாதிரி பெரிய கம்பெனிகளே வெளி ஆளுக்கு அடிச்சுக் குடுப்பாங்க, அதுக்குன்னு தனி பிரிவே வெச்சிருந்தாங்க. ஸ்கூல் பேண்டு, சர்ச் குவயர், காலேஜ் ஷோ எல்லாம் அந்த வழில வந்தது தான்.

ஆர்சிஏல அடிச்சிருந்தா முதல் எழுத்து தான் வருஷம். 1955க்கு எஃப், 56க்கு ஜி, 57க்கு எச், 58க்கு ஜே (ஐ கிடையாது, விட்டுட்டாங்க), 59க்கு கே, 60க்கு எல். எக்ஸ்டிவின்னு ஆரம்பிச்சா கொலம்பியா கஸ்டம், அதுல வருஷம் நேரடியா தெரியாது, நம்பரை மத்த தட்டோட ஒப்பிட்டுத் தான் பாக்கணும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, இது மாஸ்டர் (தட்டு அடிக்கற மூல அச்சு) வெட்டின வருஷம், ஷோ டிசம்பர்ல நடந்திருந்தா தட்டுல அடுத்த வருஷ எழுத்து இருக்கலாம்.

கணேசு சொல்ற நிக்ஸன் கோட்டு கதைல எனக்கு ஒரு சந்தேகம். யாரு வாங்கிக் குடுத்த கோட்டுன்னு பாட்டு கேக்குதுன்னா அது லஞ்சக் கதை மாதிரி இருக்கு. நம்பரைப் பாத்துட்டு சொல்லுங்க, அப்பறம் பேசலாம்.

அட்டைக்குள்ள மடிச்ச பேப்பர் ஏதாவது இருக்கான்னும் கை விட்டுப் பாருங்க. இந்த வகைத் தட்டுல நிகழ்ச்சி நிரல் பேப்பர் இருந்தா தான் உயிரே. யார் எழுதினது, யார் பாடினதுன்னு வேற எங்கயும் கிடைக்காது. தட்டு கீறலா இருந்தாலும் பேப்பர் இருக்கறதைத் தான் நான் வாங்குவேன்.

---

ஸ்காபரோ_அண்ணை:

தம்பி, மை ஃபர் லேடி பற்றி நான் சொல்லுறன், அந்தத் தட்டு என்னட்டயும் ஒண்டு கிடக்கு.

அது சும்மா காலேஜ் விளையாட்டு எண்டு நினைக்காதையும். 1957 பெப்ரவரி 7 மெக்கில் மொய்ஸ் ஹோலில தொடங்கினது, மாணவர் வருசா வருசம் போடுற ரெட் அண்ட் வைட் ரிவியூ எண்ட பாட்டும் பகிடியும் கலந்த நிகழ்ச்சி. அதுக்கு முதல் வருசம் தான் நியூயோர்க்கில மை ஃபெயர் லேடி எண்ட மியூசிக்கல் வந்து பெரிய அடி அடிச்சது, அதை வைச்சு 'ஃபெயர்' எண்டதை 'ஃபர்' (மிருக ரோமம்) எண்டு மாத்திப் பேர் போட்டவை. சனம் குவிஞ்சதைப் பார்த்து பெடியள் தாங்களே ஒரு கொம்பனி தொடங்கி, அந்தக் கோடையில ஸ்ட்ராட்ஃபோர்டு விழாவுக்கும் கொண்டுபோய், பேந்து கனடா முழுக்கச் சுத்திச்சினம். 82 ஊர், 402 தரம் மேடையேறினது. படிப்பை ஒத்திவைச்சிட்டுப் போனவையும் இருந்திருப்பினம், வேற வழி இல்லையே. அதால தான் தட்டும் இங்கால கொஞ்சம் அகப்படும், உம்மட வெள்ளை அட்டையைப் போல இல்லை.

கதை இதுதான். வடக்கே பனிக்குள்ள முக்லுகோ எண்டு ஒரு கற்பனை நாடு, அதின்ர இளவரசி மாப்பிள்ளை தேடி கனடாவுக்கு வாறா, கலியாணம் சரிவராட்டி நாடு கனடாவின்ர கைக்குப் போயிடும். வந்த இடத்தில கனடாக்காரர் எண்டால் ஆர் எண்டு ஆருக்கும் தெரியேல்லை. 'கனடாக்காரன் மாதிரி யோசிக்கச் சொல்லித்தா' எண்டு ஒரு பாட்டே இருக்கு. அந்த நேரம் கனடாவுக்குச் சொந்தமாக் கொடி கூட இல்லை எண்டதை நினைச்சுப் பாரும், மேப்பிள் இலைக் கொடி 1965 பெப்ரவரியில தான் வந்தது. பாராளுமன்றத்துக்கும் விடேல்லை, கவர்னர் ஜெனரலுக்கும் விடேல்லை, எல்லாரையும் வாங்கு வாங்கெண்டு வாங்கியிருக்கினம். ஒண்டு சொல்லோணும், இனுவிட் (வடக்குப் பனிப்பிரதேசப் பழங்குடி) இளவரசி எண்டு வெள்ளைக்காரப் பெடியள் எழுதின பகிடிகள் இண்டைக்குக் கேட்க வயித்தைப் பிரட்டும். அந்தப் பகுதியை நான் ரசிக்கிறேல்லை, ஆனா தட்டை எறியவும் மாட்டன்.

இன்னொரு விசயம், உந்தத் தட்டைத் தேடுற ஆக்கள்ல பாதிப்பேருக்கு அரசியல்ல அக்கறை இல்லை. பாட்டுக்கு மெட்டுப் போட்டவையில ஒராள் கால்ட் மக்டெர்மட். பத்து வருசத்துக்குப் பிறகு 'ஹேர்' எண்ட மியூசிக்கலுக்கு இசை அமைச்ச அதே மனுசன். அவற்ற பிந்தின தட்டுகளை ஹிப்ஹொப் காரர் வெட்டி வெட்டிப் பாவிச்சதால, அவர் பேர் கிடக்கிற எதையும் வாங்க ஒரு கூட்டம் திரியுது. கணேசு சொன்ன "ஆள் வேணும்" எண்டது இதுதான். பாட்டு எழுதின ஆக்கள்ல திமதி போர்ட்டியஸ் எண்டவர் பிறகு கனடாப் பிரதமர் பியர் ட்ரூடோவுக்கே உதவியாளராப் போனவர். அரசியலை நக்கலடிச்ச பெடியன் அரசியலுக்குள்ளயே போய் இருந்ததை நினைக்க எனக்குச் சிரிப்புத் தான் வரும்.

---

தகரடப்பா:

அண்ணை, மோனோ சார், ரெண்டு பேருக்கும் பெரிய கும்பிடு. பேப்பர் எதுவும் இல்ல, அட்டைக்குள்ள தூசி தான் இருந்துச்சு. ஆனா நம்பர் இருக்கு! டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஜே8ஓபின்னு ஆரம்பிச்சு அப்பறம் நாலு நம்பர்.

---

மைலாப்பூர்_மோனோ:

ஜே. 1958. நான் நினைச்சது தான்.

நிக்ஸன் இல்ல சார், அது ஷெர்மன் ஆடம்ஸ். அப்ப ஜனாதிபதியா இருந்த ஐசன்ஹோவருக்கு வெள்ளை மாளிகைல வலது கை, அவரைத் தாண்டி யாரும் ஜனாதிபதியைப் பாக்க முடியாதுங்கற அளவுக்கு இருந்த ஆள். பெர்னார்ட் கோல்ட்ஃபைன்னு ஒரு ஜவுளி மில்காரர்கிட்ட கோட்டு வாங்கிக்கிட்டாருன்னு 58 ஜூன்ல காங்கிரஸ் விசாரணைல வெளிய வந்துச்சு, ஓட்டல் பில்லும் மில்காரர் தான் கட்டியிருக்காரு, செப்டம்பர்ல ராஜினாமா. அந்தக் கோட்டு விகூனாங்கற மிருகத்தோட ரோமத்துல பண்ணது, ஆண்டீஸ் மலைல இருக்கும், லாமாங்கற ஒட்டக இன மிருகத்துக்கு தங்கச்சி முறை. 58ல அமெரிக்கால விகூனான்னு சொன்னாலே சிரிப்பாங்க. பாட்டுல அப்படி ஏதாவது வார்த்தை வருதா பாருங்க.

---

தகரடப்பா:

வருது சார்! நான் அதை ஏதோ ஊர் பேர்னு நினைச்சுட்டு இருந்தேன். கடைசில ஓட்டல் பில்லு பத்தியும் ஒரு வரி வருது, இப்ப தான் காதுல விழுது. ரெண்டு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டு நானே சிரிச்சேன், பொண்டாட்டி வந்து எட்டிப் பாத்துட்டுப் போறா. கணேசு, மன்னிச்சிருங்க, உங்க நிக்ஸன் அவுட்.

அப்ப இந்த வகைல வேற என்ன தேடலாம்?

---

கறார்_கணேசு:

நிக்ஸன் அவுட்னா எல்லாருக்கும் சந்தோசம் தானே.

தேடறதுன்னா எனக்குத் தெரிஞ்சு உச்சம் நையாண்டிப் பாட்டுக்காரர் டாம் லெஹ்ரரோட முதல் தட்டு. ஹார்வர்டுல கணக்கு படிச்சுட்டு இருந்தப்ப 1953 ஜனவரில பாஸ்டன் ஸ்டூடியோல 15 டாலர் குடுத்து ஒரே ஒரு மணி நேரத்துல பாடி முடிச்சு, பத்து இஞ்ச் தட்டா 400 அடிச்சாரு. காலேஜுக்குள்ள வித்தது தான், வாய் வழியாவே நாடு முழுக்கப் போச்சு, அப்பறம் எத்தனையோ தடவை மறுபடி அடிச்சாங்க. அதனால பத்து இஞ்ச் பாத்ததும் குதிக்காதீங்க, பின்னாடி அடிச்சதும் பத்து இஞ்ச்லயே நிறைய சுத்துது, முதல் 400ல ஒண்ணான்னு லேபிள் அட்ரஸ் வரைக்கும் பாக்கணும். ஒரு ஆன்லைன் வியாபாரி என்கிட்ட பின்னாடி அடிச்சதை முதல் பதிப்புன்னு தள்ளிவிடப் பாத்தான், போட்டோ கேட்டதும் ஆளையே காணோம்.

வாஷிங்டன்ல ஹெக்ஸகன்னு ஒரு கூட்டம் இருக்கு, அம்பதுகள்லேர்ந்து வருஷா வருஷம் சம்பளம் இல்லாத ஆளுங்களே எழுதிப் பாடி அரசியல் ஷோ போட்டு, வர்ற பணத்தை தர்மத்துக்குக் குடுப்பாங்க. அவங்க பேர் போட்ட எல்பி கண்ல பட்டா விடாதீங்க.

---

ஸ்காபரோ_அண்ணை:

கணேசு சொன்னதில ஒண்டு விட்டுப்போச்சு. அமெச்சூர் எண்டால் மாணவர் மட்டும் தான் எண்டில்லை. 1937 நவம்பரில நியூயோர்க்கில 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' எண்ட நையாண்டி ஷோ தொடங்கினது, நடிச்சவை எல்லாம் பெண்கள் உடுப்புத் தைக்கிற தொழிற்சங்கத்து ஆக்கள். துணி வெட்டுறவை, மெஷின் மிதிக்கிறவை. பகல் முழுக்க வேலை எண்டதால முதல் வெள்ளி, சனி இரவில மட்டும் தான் போட்டவை, பேந்து 1108 தரம் ஓடினது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கும் போட்டுக் காட்டினவை. ஹிட்லர், முசோலினியில இருந்து தங்கட முதலாளிமார் வரைக்கும் நக்கல். டெக்கா கொம்பனி அப்பவே சில பாட்டுகளை 78 தட்டா (நிமிசத்துக்கு 78 தரம் சுத்துற பழைய தட்டு) விட்டது, தையல் வேலை செய்த அந்தப் பிள்ளையளின்ர குரலையே கேட்கலாம். 1962இல கொலம்பியா ஒரு எல்பி விட்டது, அதில பிறகு பெரிய பாடகியான பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் இளம் வயசில பாடியிருக்கிறா, வடிவாத் தான் பாடுறா, எண்டாலும் எனக்கு 78 தான் வேணும். அது எல்பி மாதிரி வைனில் பிளாஸ்டிக் இல்லை, ஷெல்லாக் எண்ட அரக்கு, கை தவறினால் பத்துத் துண்டு.

---

மைலாப்பூர்_மோனோ:

தகரடப்பா சார், ஒரே ஒரு வேலை பண்ணுங்க, ஆம்ப்ளிஃபயர்ல மோனோ பட்டன் இருந்தா அமுக்கிட்டுக் கேளுங்க. அந்த 58 தட்டு மோனோவாத் தான் (ஒரே ஒலித்தடம்) இருக்கும், அப்ப தான் ரெண்டு ஒலித்தடம் இருக்கற ஸ்டீரியோ எல்பியே கடைக்கு வர ஆரம்பிச்சுது. ஸ்டீரியோ முள்ளு மேலயும் கீழயும் ஆடற ஆட்டத்தையும் சேர்த்துப் படிக்கும், மோனோ தட்டுல அது வெறும் கரகரப்பு. பட்டனை அமுக்கினா அது நல்லா அடங்கிடும், வரிகள் தெளிவாக் கேக்கும், நையாண்டித் தட்டுல வரி கேக்கலைன்னா என்ன இருக்கு. முதல்ல நல்லா கழுவிடுங்க, அந்த அட்டைத் தூசியோட முள்ளை வைக்காதீங்க.

அப்பறம் டிஸ்காக்ஸ்ங்கற இசைத்தட்டுப் பட்டியல் வெப்சைட்ல அந்தத் தட்டு இல்லன்னா நீங்களே ஏத்திடுங்க, ரெண்டு பக்க லேபிள் போட்டோ, ஜே8 நம்பர் எல்லாம் போட்டு.

---

தகரடப்பா:

இல்ல சார் அதுல, தேடிட்டேன். ஞாயித்துக்கிழமை கழுவிட்டு ஏத்தறேன்.

---

ஸ்காபரோ_அண்ணை:

ஏத்தும், ஆனா விக்கிற எண்ணம் வந்தால் முதல் எனக்குச் சொல்லோணும். ரெண்டு டாலர் தருவன்.