எண்ணெய்க்காரன் கை ஓஞ்சு பேனல்காரன் கை ஓங்குதா?

வைகைக்கரை:
செல்லூர்ல எங்க மாடியில 3 கிலோவாட் சோலார் ஓடுது. 1973-ல அரபு நாடுக எண்ணெய நிறுத்துனதும் விலை நாலு மடங்கு ஏறுச்சு, 2022-ல ரஷ்யா கேஸ குறைச்சதும் ஐரோப்பா திண்டாடுச்சு. நாம இன்னைக்கும் 85 சதவீதத்துக்கு மேல கச்சா எண்ணெய வெளிய வாங்குறோம். வெயில யாரு வந்து நிறுத்துவா?

மாட்டுத்தாவணி பிட்டர்:
அண்ணே, நான் பேனல் மாட்டுறவன். மானியத்துல போடுற பேனல்ல செல்லு இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், சரிதான், ஆனா அந்த செல்லுக்கு வேண்டிய வேஃபர், அதான் மெல்லிசா அறுத்த சிலிக்கான் தகடு, பெரும்பாலும் சீனாவுலருந்துதான வருது? உலகத்துல பேனல் செய்யிற எந்தக் கட்டத்த எடுத்தாலும் 80 சதவீதத்துக்கு மேல அவன் கையில இருக்கு. சவூதி வாசல்ல நின்னோம், இப்ப சீனா வாசல்ல நிக்கிறோம்.

வைகைக்கரை:
ரெண்டும் ஒண்ணாகாது தம்பி. டேங்கர் கப்பல் நின்னா கொஞ்ச நாள்ல பங்க்குல கியூ நிக்கும். மாடியில ஏத்துன பேனல் 25 வருசம் ஓடும், நாளைக்கே சீனாக்காரன் கதவச் சாத்துனாலும் புதுசு போடுறதுதான் நிக்குமே தவிர எங்க வீட்டு ஃபேன் நிக்காது.

மாட்டுத்தாவணி பிட்டர்:
புதுசு போட முடியலன்னா வளர்ச்சியே நிக்குதே ண்ணே! 2025 ஏப்ரல்ல லைசென்ஸ் இல்லாம அபூர்வ மண் காந்தம் (வண்டி மோட்டாருக்குள்ள போற ரேர் எர்த் காந்தம்) வெளிய போகக்கூடாதுன்னு சீனா சொன்னதும் நம்ம எலக்ட்ரிக் வண்டி கம்பெனிகளே ஆடிப்போச்சு. 2010-லயே ஜப்பானுக்கு இதே வைத்தியத்த காட்டுனாங்க.

மேலூர்க்காரன்:
நீங்க ரெண்டு பேரும் சீனா, சவூதின்னு பேசுறீங்க, எங்களுக்கு அது வீட்டு வாசலுக்கே வந்துச்சு. டங்ஸ்டன்னு ஒரு கெட்டியான உலோகம், உலகத்துல அதுல 80 சதவீதம் போல சீனாவுல எடுக்குறான், அதனால நாமளே தோண்டணும்னு 2024-ல அரிட்டாபட்டி பக்கம் சுரங்கத்த ஏலம் விட்டாங்க. சமணர் படுகை இருக்குற மலை, அடியில ஊருணி, கம்மா, நெல்லு. 2025 ஜனவரி 7 அன்னைக்கு மதுரை வரைக்கும் நடந்தோம், எங்க அப்பத்தாவும் கூட நடந்துச்சு. அந்த மாசமே ரத்து பண்ணாங்க. நாடு யார்கிட்டயும் கையேந்தக்கூடாதுங்குறது எனக்கும் ஆசைதான், அதுக்காக எந்த மலைய உடைக்கிறதுன்னு மலைக்குக் கீழ இருக்குறவன்கிட்ட மொதல்ல கேக்கணும்ல?

வைகைக்கரை:
கேக்கணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா தம்பி, டங்ஸ்டன் முக்கியமா கட்டிங் டூலுக்கும் ஆயுதத்துக்கும் போறது, அத சோலார் கணக்குல எழுதாதீங்க.

மாட்டுத்தாவணி பிட்டர்:
சிலிக்கான வேஃபரா அறுக்குற மெல்லிசுக் கம்பியில இப்ப டங்ஸ்டனும் வருது ண்ணே.

மேலூர்க்காரன்:
அப்ப அந்தக் கணக்குலயும் எங்க மலை இருக்கு.